இரண்டு வெள்ளைக்குப் பிறந்த சாம்பல் குஞ்சுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆலங்குடியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்த குணம். சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்ப்பேன். பால்காரர் தெரு முனை திரும்புவதற்குள் பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். கணவர் குவைத்தில் இருக்க, மகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்துபவளுக்கு இது தேவைதான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

நான் சந்தேகப்படாத ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழகிய முதல் வாரத்திலேயே "வாத்தா, போத்தா" என்று உரிமையாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஜீப்ரா ஃபிஞ்ச் என்கிற, சிட்டுக்குருவியைவிடச் சின்னதான, சிவந்த அலகு கொண்ட பறவைகளை வளர்க்கும் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தவரும் அவர்தான். அவரிடம் இருந்தவை எல்லாம் சாதாரணச் சாம்பல் நிறம். நானோ புதுக்கோட்டைக்குப் போய் ஒரு வெள்ளை ஜோடியை வாங்கி வந்தேன். ஆணும் பெட்டையும் இட்லி மாதிரி அத்தனை வெள்ளை.

"குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடு ஆத்தா, ரொம்ப ஆசையா இருக்கு" என்றார் அக்கா. அந்த வார்த்தையையே பின்னால் அவருக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

முட்டையிடக் கூண்டுக்குள் கட்டியிருந்த பானையில் நான்கு முட்டைகள் இருந்த சமயம், தஞ்சாவூரில் மாமியாருக்கு ஆபரேஷன். பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். தினையும் தண்ணீரும் மாற்றச் சொல்லி வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன். திரும்பி வர இருபத்தைந்து நாளாகிவிட்டது.

வந்ததும் வராததுமாகப் பானைக்குள் எட்டிப் பார்த்தேன். நான்கு குஞ்சுகள். நான்குக்கும் முளைத்துக்கொண்டிருந்த இறகு சாம்பல் நிறம், அப்படியே அக்கா வீட்டுக் குஞ்சுகளின் நிறம்!

வெள்ளைக்கும் வெள்ளைக்கும் சாம்பல் எப்படிப் பிறக்கும்? யார் முட்டையை வைத்தாலும் ஃபிஞ்ச் அடைகாக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அக்காதான். சாவியும் அவரிடம்தான் இருந்தது. என் முட்டைகளை எடுத்துக்கொண்டு தன்னுடையதை வைத்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கூண்டு மட்டும் துணி போட்டு மூடியிருந்தது.

"அங்கிட்டுப் போகாதத்தா, பொட்டைக்கு ஒடம்பு சரியில்ல" என்றார்.

எனக்கு அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நடுச்சுவருக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தேன். துணிதான் தெரிந்தது. மறுநாள் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டே விட்டேன்.

"என் முட்டைய என்னக்கா பண்ணுனீங்க? மறைக்காமச் சொல்லிருங்க."

அக்கா கத்தவில்லை. மிஷினை நிறுத்தினார். எழுந்து போய்க் கூண்டுத் துணியை எடுத்தார். உள்ளே இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு சாம்பல் பெட்டை மட்டும் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. "பாத்துக்கங்க. மத்த கூண்டையும் பாக்கணும்னா பாருங்க" என்றார்.

வெள்ளைக் குஞ்சுகளை விற்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த 'ங்க' உறைத்தது. அன்றிலிருந்து வாசலில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா" என்பார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த ஈடு முட்டைக்கு நான் உஷார். ஐந்து முட்டையிலும் பென்சிலால் புள்ளி வைத்தேன். கூண்டுக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஈ, காக்கை நுழையவில்லை. குஞ்சு பொரித்தது. புள்ளி வைத்த ஓடுகள் பக்கத்திலேயே கிடக்க, ஐந்து குஞ்சுக்கும் பிறக்கும்போதே தோல் கறுத்திருந்தது. பத்து நாளில் ஐந்தும் சாம்பல். அக்காவுக்கு நான் வைத்த பொறியில் நானே மாட்டிக்கொண்டேன்.

அப்போதாவது புத்தி வந்ததா? ஜோடியை விற்ற புதுக்கோட்டைக் கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது! குஞ்சுகள் தானாகத் தின்னும்வரை காத்திருந்து, ஜோடியை அட்டைப்பெட்டியில் போட்டு பஸ் ஏறினேன். "சாயம் அடிச்சு வித்தீங்களா?" என்று கடையில் சத்தம் போட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே பெட்டையைக் கையில் எடுத்தார். "கண்ணுக்குக் கீழ பாருங்க, கண்ணீர் வழிஞ்ச மாதிரி ஒரு கோடு. வாலுலயும் லேசாப் பட்டை இருக்கு. சுத்த வெள்ளையில இதெல்லாம் இருக்காதுங்க. ஆண் ஒரு வக வெள்ளை, இது வேற வக வெள்ளை. அதுகிட்ட இல்லாதத இது குடுத்துரும், இதுகிட்ட இல்லாதத அது குடுத்துரும். குஞ்சு சாம்பலாத்தான் வரும். வெள்ளை உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்து பேரக் குஞ்சுல வந்தாலும் வரும்."

எட்டு மாதம் தினை போட்டு வளர்த்திருக்கிறேன். ஊரார் பாலில் எல்லாம் தண்ணீர் தேடிய என் கண்ணுக்கு, வீட்டிலிருந்த பெட்டையின் கன்னத்துக் கோடு தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெட்டியும் கையுமாக நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். "பரவாயில்லைங்க" என்றார். முதல் ஈட்டில் வந்த குஞ்சுகளில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றவர், "அதுக என்ன பாவம் பண்ணுச்சு" என்று வாங்கிக்கொண்டார். ஆனால் 'ங்க' மட்டும் போகவில்லை. அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் சுருக்கென்றது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏத்தா, இங்கிட்டு வா."

கையைப் பொத்திக்கொண்டு அக்கா நின்றிருந்தார். விரலை விரித்தார். நான் கொடுத்த இரண்டும் ஜோடி சேர்ந்து பொரித்த குஞ்சு, வெள்ளை வெளேரென்று.

"இந்தா, ஒன் வெள்ளக் குஞ்சு. அன்னைக்குத் திருடுனத இன்னைக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

சோப்பு நுரைக் கையோடு நின்று அழுதேன். குஞ்சு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் காதில் விழுந்தது அந்த 'வா' மட்டும்தான்.

இப்போதும் சிலிண்டரை எடை போட்டுத்தான் வாங்குகிறேன். ஆனால் ஒரு மனிதர் மேல் சந்தேகம் வந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் கூண்டருகே போய் அந்தப் பெட்டையின் கண்ணுக்குக் கீழிருக்கும் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன்.