ஆரோக்கியமேரி சொன்ன ‘ஒண்ணுமில்ல’

சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே ஒரு பஸ் கண்டக்டரைப் பேய் அறைந்துவிட்டதாம். இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று. மறுநாள் டியூட்டியில் விசிலை வாயில் வைத்து ஊதினால் காற்றுதான் ஓரமாகப் போகிறதாம், சத்தம் வரவில்லையாம். வண்டி ஸ்டாப்பிங்கிலேயே நின்றுவிட்டதாம்.

லேப்பைப் பெருக்கித் துடைக்க வரும் ஜானுதான் இதை ஆரோக்கியமேரியிடம் சொன்னாள். ஜானு பார்க்கவில்லை. அவளுடைய நாத்தனார் சொன்னாள். நாத்தனாரும் பார்க்கவில்லை. மார்க்கெட்டில் பூ விற்கிறவள் சொன்னாளாம்.

“ரெண்டு கன்னத்துலயுமா?” என்று கேட்டாள் மேரி.

“ஆமாக்கா. பேய்க்கு ரெண்டு கையும் பழக்கம் போலகீது.”

மேரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் ‘ரெண்டு கன்னம்’ என்பது மனதில் தங்கிவிட்டது. வாய் கோணிக்கொண்டு வந்தவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் இழுத்திருக்கும்.

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மெட்ராஸ் சென்னையாக மாறிய வருஷம். பிறந்ததும் வளர்ந்ததும் சாந்தோம் குப்பத்தில். அப்பா கட்டுமரக்காரர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சம்பளம் கட்டாமல் படித்து, பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்து, பதினெட்டு வருஷமாக லஸ் பக்கத்தில் ஒரு மாடியில் வேலை. இரண்டு அறை, ஒரு மைக்ராஸ்கோப், ரத்தம் வைக்க ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு டெலிபோன். முதலாளி மாதம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். மற்றபடி அங்கே எல்லாம் மேரிதான்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரிசல்ட் நல்லபடியாக வந்திருந்தால், காகிதத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே “ஒண்ணுமில்ல, சந்தோஷமா போங்க” என்று சொல்லிவிடுவாள். காரணம் அவளுடைய அப்பா. அவளுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது அப்பாவுக்கு இருமல் நிற்காமல் சளியை டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிசல்ட்டை மடித்து ஜன்னல் வழியாக நீட்டியவன் ஒரு வார்த்தை பேசவில்லை, கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. ஐந்து நாள் அப்பா கடலுக்குப் போகவில்லை. அம்மா அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தாள். ஆறாம் நாள் பள்ளியில் ஒரு சிஸ்டர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்து, டி.பி. எல்லாம் இல்லை என்று சொன்னார். அந்த ஐந்து நாளை மேரி மறக்கவில்லை.

ஜானு கதை சொன்ன அடுத்த வாரமே, ஆடி மாசத்தில், அந்தக் கண்டக்டர் நரம்பு டாக்டர் ராமானுஜத்தின் சீட்டோடு மாடிப்படி ஏறி வந்தான். இருபத்தெட்டு வயது. கண் இரண்டும் முழுதாக மூடவில்லை. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தான். முகத்தில் கோபம், சிரிப்பு எதுவும் இல்லை, துடைத்து வைத்த சிலேட் மாதிரி இருந்தது. உதடு சேராததால் ப, ம வரவில்லை. பெயரைக் கேட்டதற்கு “வேரு சேரன்” என்றான். டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். பாதி சட்டையில் வழிந்தது.

சீட்டில் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்தது. மேரி எதுவும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தாள், இரண்டு நாளில் பார்த்தாள், நெகட்டிவ். அவன் வந்ததும் வழக்கம்போல, “ஒண்ணுமில்ல, சந்தோஷமா போங்க” என்றாள். முகம் அசையாமலே அவன் அழுதான். காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

சாயங்காலம் டாக்டர் போன் செய்தார்.

“என்ன சொல்லி அனுப்பினேள், மேரி?”

“ஒண்ணுமில்லன்னு சொன்னேன் டாக்டர். நெகட்டிவ்தான?”

“அவன் தப்பா ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்தே நாலு வாரம்தான் ஆறது. மொதல்ல ஜுரம், தலைவலி. அப்புறம் ரெண்டு பக்கமும் முகம். நர்ஸிங் ஹோம்ல வச்சு முதுகுத்தண்டுல தண்ணி எடுத்துப் பார்த்தேன், அதுல இருக்கக் கூடாத செல்லெல்லாம் இருக்கு. இந்தக் கிருமி உள்ள வந்தா ரத்தத்துல மட்டும் சுத்திண்டிருக்கும்னு நெனைக்காதீங்கோ. மொத ரெண்டு மூணு வாரத்துலயே மூளைக்கும் நரம்புக்கும் போயிடறது. முக்காவாசி பேருக்கு வெளியில ஒண்ணும் தெரியாது. யாரோ சில பேருக்கு இப்படி முகத்துல காட்டும். அதுவும் தானாவே சரியாயிடும்.”

“அப்ப டெஸ்ட்டு?”

“நம்ம டெஸ்ட் கிருமியத் தேடலையே. அதை எதிர்க்க உடம்பு பண்ற சரக்கைன்னா தேடறது? அது தேற நாளாகும். இப்ப வந்திருக்கறது ‘இல்லை’ன்னு இல்ல மேரி, ‘இன்னும் தெரியலை’ன்னு. வேற காரணமாவும் இருக்கலாம், நான் இல்லைங்கலை. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும்னு அவன்கிட்ட மூணு தடவை சொன்னேன்.” பெருமூச்சு விட்டார். “நீங்க ஒரு தடவை சொன்னதுதான் அவன் காதுல விழுந்திருக்கும்.”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று மேரிக்கு இருந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். சீட்டில் அவன் விலாசம் இருந்தது. இந்த விஷயத்தை எந்தக் கடுதாசியில் எழுத முடியும்? மூன்று மாதம் ஆனதும் வருவான் என்று காத்திருந்தாள். அவன் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஏறினாள். நிற்க இடம் கிடைப்பதற்குள் பின்னாலிருந்து இரண்டு விசில் கணீரென்று கேட்டது. திரும்பினாள். சேரன். முகம் இரண்டு பக்கமும் நேராக இருந்தது, மீசை கூட வைத்திருந்தான்.

“யக்கா!” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். “உன்கைல டிக்கெட் காசு வாங்கணுமா நானு?”

“வாங்கிக்கோப்பா, செக்கர் வந்தா உனக்குத்தான் கஷ்டம்.”

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவன், தோல் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பெண் பெயர் தமிழ்நிலா, பாலவாக்கம்.

“மொத பத்திரிகை உனக்குத்தான் தரணும்னு இருந்தேன். நீ சொன்னியே அன்னிக்கு, அப்பறந்தான் எனக்கு உசிரே வந்திச்சி.”

மேரி குரலைத் தாழ்த்தினாள். “மூணு மாசம் கழிச்சு ஒருவாட்டி வரச் சொன்னாரில்ல டாக்டரு?”

“அது மூஞ்சி சரியாவலன்னா. இப்ப பாரு.” விசிலை வைத்து இரண்டு தடவை ஊதிக் காட்டினான்.

முன்னாலிருந்து டிரைவர் கத்தினார். “இன்னா நைனா, ஓடிக்கினு கீற வண்டிக்கு டபுள் விசிலு? பறக்கணுமா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. சேரனும் சிரித்தான். ஒன்றும் தெரியாமல் சிரிக்கும் அந்த நேரான வாயைப் பார்க்க மேரிக்குத் தாங்கவில்லை.

“எனக்காக வா. ஒரு நிமிஷ வேலை.”

“உனக்காகத்தான் வர்றேன், சொல்ட்டேன்” என்றான்.

வாக்குத் தவறாமல் திங்கட்கிழமை வந்தான். கையை நீட்டிக்கொண்டு, மண்டபம் கிடைத்த கதையையும் தமிழ்நிலாவுக்கு பஸ் என்றாலே வாந்தி வரும் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தான். மேரி ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

புதன்கிழமை டெஸ்ட் தட்டில் அவனுடைய ரத்தம் இருந்த குழியில் மஞ்சள் நிறம் ஏறியிருந்தது. மஞ்சள் என்றால் பாசிட்டிவ். தன் கைத்தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, வியாழன் காலை புது டெஸ்ட் பெட்டியை உடைத்து மறுபடி செய்தாள். மறுபடியும் மஞ்சள்.

“இன்னொரு எடத்துலயும் பாத்துதான் முடிவாச் சொல்லணும்” என்றார் டாக்டர். “ஆனா அதுவரைக்கும் கல்யாணம் நிக்கணும். பொண்ணாத்துக்கு நாம சொல்லக் கூடாது, அவன்தான் சொல்லணும். அவனை எங்கிட்ட அனுப்புங்கோ, நான் பேசறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள.”

பத்திரிகையின் கீழே அவன் வீட்டு போன் நம்பர் இருந்தது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. அதாவது போன் அவனுடையதில்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது. கூப்பிட்டால் அவர்கள் போய்ச் சொல்லுவார்கள். பெண்ணின் அப்பா பெயருக்குக் கீழும் இன்னொரு பி.பி. நம்பர் இருந்தது. மேரி அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு முதல் நம்பரைச் சுழற்றினாள்.

எடுத்தது ஜமீலுன்னிசா என்ற அம்மாள்.

“சேரனா? மாப்ள பந்தக்கால் நட்டுக்கினு கீறாரு. நீ யாரும்மா? பொம்பள கொரலா கீதே.”

“லஸ்லருந்து மேரி அக்கான்னு சொல்லுங்க. இன்னிக்கே வந்து என்னப் பாக்கணும்னு சொல்லுங்க.”

ரிசீவரை வைத்துவிட்டு அந்த அம்மாள் வாசலுக்குப் போய்க் கூப்பிடுவது கேட்டது. மேளம், யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம், சிரிப்பு. திரும்பி வந்தாள்.

“‘ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும், அக்காவ ஞாயித்துக்கிழமை சாப்ட வரச் சொல்லு’ன்றான். இன்னாம்மா அது, ஒண்ணுமில்ல? இன்னா வெசயம்?”

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் மேரி.

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

நேரில் போகலாம். பந்தலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் யார், என்ன என்று கேட்பார்கள். ஜானுவிடம் சொல்லி அனுப்பலாம். அவளும் அவனைப்போல சைதாப்பேட்டைப் பக்கம்தான். ஜானுவிடம் சொன்னால் பூ விற்கிறவள் வரைக்கும் சொன்ன மாதிரி. இரவெல்லாம் யோசித்து, ஜமீலுன்னிசாவுக்குப் புரியாமல் அவனுக்கு மட்டும் புரிகிற ஒரே வாக்கியத்தைத் தேடிப் பிடித்தாள். ‘அன்னிக்கு நான் சொன்னது தப்பு.’ அவ்வளவுதான். இது காதில் விழுந்தால் சேரன் வந்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மழை விட்டபாடில்லை. மேரி குடையைக்கூட மடக்காமல் மூலையில் போட்டுவிட்டு நம்பரைச் சுழற்றினாள். மணி அடித்தது. அந்த வாக்கியத்தை உதட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் அடித்து, தானாகவே கட்டாகிவிட்டது. மறுபடி சுழற்றினாள்.

“யாருக்குக்கா, காலங்காத்தால?” ஜானு துடைப்பத்தை நிறுத்தினாள்.

“உங்க பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கு.”

“சைதாப்பேட்டக்கா? அத்தினி பேரும் புடவை எடுக்கப் போயிருப்பாங்க.”

மேரி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மேஜையிலிருந்து பத்திரிகையையும் கைப்பையையும் எடுத்தாள். காலிலேயே குடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“உங்க பக்கம் போற பஸ்ஸு இப்ப எத்தினி மணிக்கு, ஜானு?”

“ஒம்பதேகாலுக்கு ஒண்ணு கீது. இந்த மழைல எங்க போற நீ?”

போன் பத்து தடவை அடிக்கட்டும், எடுக்காவிட்டால் நேரிலேயே போய்விடலாம் என்று மேரி மணியை எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டாவது மணி அடித்தது. ஒன்பதாவதும் அடித்தது.