ஒரு டம்ளர் அயோடின்

எக்ஸ்-ரே எடுப்பது சுலபம். அதற்கு முன்னால் அந்த ஒரு டம்ளர் மருந்தைக் குடிக்க வைப்பதுதான் வேலை.

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். படத்தில் எலும்பு நன்றாகத் தெரியும். வயிறும் குடலும் அப்படித் தெரியாது. அயோடின் கலந்த மருந்து உள்ளே போனால், அது போகிற வழியெல்லாம் வெள்ளையாகத் தெரியும். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். வாயில் வைத்தால்தான் சேதி தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து புகட்டியவர்கள், மாமனாருக்குக் கஷாயம் கொடுக்கப் போய்த் திட்டு வாங்கியவர்கள், எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

காயத்துக்குப் போடுவது

பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து செல்வி என்று ஓர் அம்மா வந்திருந்தார். நாலு வீட்டில் வேலை செய்பவர். சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது என்று டாக்டர் படம் எடுக்க அனுப்பியிருந்தார். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்: "அயோடின் மருந்து எப்பவாவது ஒத்துக்காம போயிருக்கா?"

அந்த வார்த்தையைச் சொன்னதுதான் தப்பு. டம்ளர் மேஜைக்குத் திரும்பிவிட்டது. "அயோடினா? கால்ல அடிபட்டப்ப பஞ்சுல தொட்டு வெச்சாங்களே, அதுவா? காயத்துல வெச்சதுக்கே உயிரு போச்சு. அத்த போயி வயித்துல ஊத்த சொல்றியேமா!"

அது வேறு, இது வேறு, பேர்தான் ஒன்று என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தானே சமாதானமாகி, கையை நீட்டினார். "எங்க பிளாக்குலயே நாலு செல்வி கீறோம், நாலு பேரும் ஒண்ணா இன்னா? குடு இப்டி."

சோம்பு விவகாரம்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண சமையல்காரர் ஸ்கேனுக்கு வந்தார். ஸ்கேன் என்றால் ஒரு டம்ளரோடு போகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் மருந்தைக் கலந்து, ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்க வேண்டும். முதல் வாயை அவர் உடனே விழுங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் புரட்டினார். "முன்னாடி கசப்பு, நடுவுல அசட்டுத் தித்திப்பு, கடைசியில சோம்பு வாசம். கசப்பை மறைக்கறதுக்காகச் சோம்பைக் கொட்டியிருக்கான். சோம்பு எதையும் மறைக்காதும்மா, தானும் வந்து கூட உட்கார்ந்துக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க குடிச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒன்பது வருஷம். எத்தனையோ பேரிடம் 'ஒண்ணும் தெரியாது, மளமளன்னு குடிச்சிடுங்க' என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சொட்டு ருசி பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது. வேறொரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் ஊற்றிக் குடித்தேன். என் முகம் போன போக்கை ரொம்பத் திருப்தியோடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்பு, புளிகூடப் பார்க்காம ஒன்பது வருஷம் பந்தி விசாரிச்சிருக்கீங்களேம்மா!"

மூணு மணிப் படம்

ஜாகிர் பாய் பெட்டிக்கடை வைத்திருப்பவரில்லை, பெட்டி விற்பவர். சூட்கேஸ், டிராவல் பேக். எப்போதோ செய்த ஆபரேஷனின் தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு, மூன்று நாளாக எதுவும் கீழே இறங்காமல் வயிறு வீங்கிப் படுத்திருந்தார். மூக்கில் போட்ட குழாய் வழியாக அயோடின் மருந்தை விட்டுப் பார்க்கலாம், பெருங்குடல் வரை போய்விட்டால் அடைப்பு விட்டுவிட்டது, போகாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாய்க்கு ஏற்கெனவே இதயம் பலவீனம். அவர் மனைவி பர்வீன் ஆபரேஷன் என்ற வார்த்தையையே வாயால் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கு மருந்து போயிற்று. பதினோரு மணிப் படத்தில் எல்லாம் சிறுகுடலிலேயே நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்ததும் பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னக்கா தெரியுது?" படத்தைப் பற்றி நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. "டாக்டர் சொல்வாரும்மா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "எறங்கல, இல்ல?" நான் மெஷினைச் சரிபார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தேன், சாப்பிட முடியவில்லை.

மூணு மணிக்கு மறுபடி படம். திரையில் முதலில் பழைய இடத்தைத்தான் பார்த்தேன். பிறகுதான் ஓரத்தில், பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வெள்ளை ஏறியிருந்தது தெரிந்தது. டாக்டருக்கு போன் போட்டேன். அவர் மாடியிலிருந்து இறங்குவதற்குள் மருந்து தன் அடுத்த வேலையைக் காட்டிவிட்டது. அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கிற மருந்து. "பர்வீன், சீக்கிரம்!" என்று பாய் கத்த, அந்த அம்மா யாருக்கும் காத்திருக்காமல் வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது முகமெல்லாம் கண்ணீர். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல, இவரு பாத்ரூம் போனதுக்கு நான் அழுதது இதாங்க்கா மொதத் தடவை."

முதல் வாய்

குமார் மேடவாக்கத்தில் ஆட்டோ ஓட்டுபவர். வயிற்றில் புண் ஓட்டையாகி, ஆபரேஷன் செய்து தைத்திருந்தார்கள். ஆறு நாளாக வாய் வழியே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பதோடு சரி. தையலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர். பார்ப்பதற்கு இந்த மருந்துதான்; கசிந்தாலும் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். மெஷின் முன்னால் உட்கார வைத்து, கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தேன். எல்லாரும் மூக்கைப் பிடிப்பார்கள். அவர் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "முழுங்குங்க குமார்" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் மனசில்லாமல் விழுங்கினார்.

வெள்ளைக் கோடு ஒழுங்காக இறங்கி வயிற்றுக்குள் போயிற்று. ஒரு சொட்டு வெளியே இல்லை. டாக்டர் தலையாட்டினார். குமார் படத்தைப் பார்க்கவேயில்லை. காலி டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு வாய் கெடைக்குமாக்கா?"

குணமானவர்கள் என்னை ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறார்கள். ஆனால் 'வாங்க, ஒரு டீ குடிக்கலாம்' என்று நான் கூப்பிட்டால் மட்டும் இதுவரை ஒருவரும் வந்ததில்லை.