குறி தவறினாலும் ஒரு புள்ளி

நேற்றுப் பேத்தியின் ஃபுட்டி மட்ச், அதுதான் இந்த அவுஸ்திரேலியக் கால்பந்து, பார்க்கப் போயிருந்தேன். கோல் விழுந்ததும் மைதானத்தைச் சுற்றி நின்ற கார்களெல்லாம் ஹோர்ன் அடித்தன. அந்தச் சத்தம் என்னை, எழுபதுகளில் நாங்கள் குடியிருந்த ஸ்பிரிங்வேலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்பாவுக்கு எதற்கெடுத்தாலும் பாட்டுக் கட்டும் பழக்கம். பால்காரன் பிந்தினாலும் பாட்டு, குசினிக் குழாய் ஒழுகினாலும் பாட்டு. அண்ணாவின் மட்ச் என்றால் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஈரப்புல் மணக்கும் வேலியோரம் நின்று பாடுவார்.

"அப்பா, இங்க பாடாதேங்கோ" என்று அண்ணா கெஞ்சுவான்.

ஃபுட்டியில் வரிசையாக நாலு கம்பங்கள்; நடு இரண்டுக்குள் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. கொஞ்சம் விலகிப் பக்கத்தால் போனாலும் ஒரு புள்ளி. அந்தச் சட்டத்தில்தான் அப்பா சொக்கிப்போனார்.

"பிழைவிட்டவனுக்கும் ஒண்டு குடுக்கிற விளையாட்டு வேற எங்க இருக்கு?"

அந்த வருடக் கடைசி மட்ச். இரண்டு பக்கமும் சமபுள்ளி. அண்ணா உதைத்த பந்து நடுக் கம்பங்களை விட்டு விலகிப் போனது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். மட்ச் முடிந்ததென்று சைரன் ஊதியது. அந்த ஒரு புள்ளியால் வென்றிருந்தோம்! அப்பா வேலி பாய்ந்து பாடிக்கொண்டே ஓடினார்:

"குறிதவறிப் போனாலும் ஒண்டுதரும் ஊரே,
எங்கட பொடியன் வெண்டிட்டான் பாரே!"

அண்ணா அழுதழுது சிரித்தான். பிறகு அவனும் சேர்ந்து பாடினான்.

நேற்றுப் பேத்தியின் கடைசி உதையும் விலகித்தான் போனது. அவள் தலை குனிந்தாள். நான் கதிரையை விட்டு எழும்பி, 'பொடியனை'ப் 'பெட்டை' ஆக்கி, தொண்டை கிழியப் பாடினேன்.

"அம்மம்மா, ஸ்டொப்!" என்று கத்தினாள்.

கோல் விழாமலே கார்கள் ஹோர்ன் அடித்தன.