142857-ஐ எட்டால் பெருக்கிய நாள்

கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று எங்கள் வீட்டில் கேட்கக் கூடாது. போன பிறகு அதைப் பற்றி எங்களுக்குள்கூடப் பேசக் கூடாது. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு இது பெரிய வதை. அதனால்தான் அப்பா விசைப்படகில் கிளம்பும்போது நாளைச் சொல்லாமல் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார்: 142857.

“மொத நா ஒண்ணால பெருக்கு, மறுநா ரெண்டால. தெனம் ஒண்ணு. முழுக்க ஒம்பதா வர்ற அன்னைக்கி நான் வீட்டுல இருப்பேன்.”

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பெருக்கினேன். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் 428571. அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. ராட்டினத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி, யார் முன்னால் என்பது மட்டும்தான் மாறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்கு அதைவிட ஆர்வம். மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்குமுன்பே, “கணக்குப் போட்டியாடி?” என்பாள். வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்டறியாத அம்மா.

ஏழாம் நாள் 999999 வந்தது. அப்பா வரவில்லை. வயர்லெஸ்ஸில் படகு பதில் சொல்லவில்லை என்று பெரியப்பா வாசலில் நின்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போனார். கணக்குத்தான் தப்போ என்று நான் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன்.

மறுநாள் அம்மா மீன் விற்கப் போகவில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு வந்த நிலக்கரிக் கப்பல் தூரத்தில் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்ததும் வழக்கம்போலக் கணக்கைக் கேட்டாள்.

“அது நேத்தே முடிஞ்சிட்டும்மா.”

அம்மா என் வாயைப் பொத்தினாள். “அப்புடில்லாம் சொல்லக் கூடாது. எட்டால பெருக்கு.”

பெருக்கினேன். 1142856. ஏழு இலக்கம், வரிசையும் கெட்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. முன்னால் உபரியாக நின்ற ஒன்றைத் தூக்கிக் கடைசி ஆறோடு கூட்டினேன். அப்படிச் செய்யலாமா என்று யாரையும் கேட்கவில்லை. 142857.

“மொத நம்பரே வந்துட்டும்மா.”

“அப்ப ஒம்பதுக்குப் போடு.”

ஒன்பதுக்கு 1285713. முன்னால் இருந்ததைப் பின்னால் சேர்த்தால் 285714. பத்து, பதினொன்று, எல்லாம் அப்படியே சுற்றி வந்தன. கை வலிக்கிறது என்றேன். “இன்னும் ஒண்ணே ஒண்ணு, என் தங்கமுல்ல” என்று கெஞ்சினாள். அம்மா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. பதின்மூன்றில் எனக்குக் கண் சொருகிவிட்டது.

அடுத்த நாள் மதியம், இன்ஜின் பழுதான அப்பாவின் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. உதடு வெடித்து, கறுத்துப்போய் அப்பா இறங்கினார். அம்மா அவரிடம், “சாப்புட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். நான் எட்டால் பெருக்கும் வித்தையைக் காட்டினேன். அவருக்கு ஏழுவரைதான் தெரிந்திருந்தது.

சாயங்காலம் பதினான்கால் பெருக்கினேன். முன்னால் இருந்ததைப் பின்னால் சேர்த்ததும் மறுபடி எல்லாம் ஒன்பது. தாளோடு அம்மாவிடம் ஓடினேன். அப்பா பாயில் அசந்து தூங்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“போய் வெளையாடுடி” என்றாள்.

எனக்கு அழுகையாக வந்தது. அவ்வளவு ஆசையாகக் கணக்குப் போடச் சொன்னவளுக்கு அதற்குள் அலுத்துவிட்டதே என்று, இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.