கராம்பு ஸ்டோர் வாச்சரும் கப்பலில் செத்த தர்சனும்

உலகத்தில் துப்பறிகிறவர்கள் இரண்டே வகை. மகேந்திரராஜா சார் ஒரு வகை; மிச்சம் எல்லோரும் சேர்ந்து இன்னொரு வகை. செத்துப்போன மனிதனிடம் வாக்குமூலம் வாங்கி, அதில் கையெழுத்தும் வாங்கியவர் பூமியிலேயே அவர் ஒருவர்தான். நடுக்கடலில் கப்பலில் நடந்த ஒரு சாவை, கடலில் கால் நனைக்காமல், பல்லேபொலையில் ஒரு கராம்பு ஸ்டோர் வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தே துலக்கியவரும் அவர்தான்.

முதல் சாதனைக்காக அவருக்கு வேலை போனது. அப்போது அவர் பொலிசில் குற்றங்களை விசாரிக்கிற சார்ஜன்ட். ஒரு லொறி விபத்துக்கு ஆறு சாட்சிகள் வேண்டியிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, மேசையில் இருந்தபடியே ஆறு பேருடைய வாக்குமூலத்தையும் தானே எழுதிவிட்டார். கோர்ட்டில் பார்த்தால், ஆறில் ஒருவர் விபத்துக்கு நாலு மாதம் முந்தியே செத்தவர். பேப்பரில் படத்தோடு வந்தது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போக முகம் இல்லாமல் மனைவியின் ஊரான மாத்தளைக்கு வந்தார். ஜைனுதீன் முதலாளி தன்னுடைய ஸ்டோரில் வாச்சர் வேலை கொடுத்தார்.

அதே ஸ்டோரில் எனக்குக் கராம்பில் காம்பு கிள்ளுகிற வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். இரண்டு பக்கமும் வருத்தமில்லை. சார் வந்த முதல் கிழமை, அவருடைய விசிலுக்குள் ஒரு கராம்புக் காம்பைச் செருகிவைத்தேன். லொறி வந்தபோது ஊதினார். இழுப்பு வந்த பல்லி மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் சிரித்தோம். அவர் யாரையும் திட்டவில்லை. காம்பை நகத்தால் நோண்டி எடுத்து, இருபது பேரைத் தாண்டி நடந்து வந்து, என் முன்னால் வைத்தார்.

“இது உங்கட, வாகினி” என்றார். அவ்வளவுதான்.

தர்சன் எங்கள் லயத்துப் பையன். வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள்; எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சின்ன வயதிலிருந்து கராம்பு மரம் ஏறிப் பறித்தவன். கொழும்பில் ஒரு ஏஜென்சி மூலம் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்து, போய் ஏழாவது மாதம் செய்தி வந்தது. கடலில் குதித்துத் தற்கொலை. உடல் கிடைக்கவில்லை.

அவனுடைய அம்மா வேலம்மா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் மருமகள் அனுஷியாவைப் பார்த்துக் கை நீட்டினார்.

“நீ போன்ல என்ன பேசினேன்னு எனக்குத் தெரியும்டி. கடல்லயே கெடந்து சாவுன்னு சொன்னியா இல்லியா?”

அனுஷியா இல்லை என்று சொல்லவில்லை. அவன் சாவதற்கு முந்தின நாள் இருவருக்கும் சண்டை. லீவில் வருகிறேன் என்றவன் இன்னும் ஆறு மாதம் இருக்கப்போகிறேன் என்று சொன்னதில் வந்த கோபம்.

“கருமாதி முடிஞ்சதும் பல்லேகமைக்கு உங்கப்பா வீட்டுக்குக் கெளம்பு. புள்ளைய விட்டுட்டுப் போ. எம் மகனக் கொன்னவகிட்ட எம் பேரன் வளரமாட்டான்.”

பையனுக்கு இரண்டு வயது. பெயர் கவின். லயத்தில் யாரும் அனுஷியாவுக்காக வாய் திறக்கவில்லை. அவள் மாமியாரை எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. தான்தான் கொன்றதாக அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் ஸ்டோரில் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் பொலிஸ் இல்லை” என்றார்.

“முந்தி இருந்தீங்க தானே சார்.”

“முந்தி இருந்த லட்சணம் உங்களுக்குத் தெரியும் தானே.”

இருந்தாலும் அன்று பின்னேரம் வந்தார். குடையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் கையில். ஏஜென்சி அனுஷியாவின் போனுக்கு அனுப்பிய இங்கிலீஷ் கடதாசிகளை முற்றத்தில் நின்றபடியே வாசித்தார். கூட வேலை செய்த நாலு பேருடைய வாக்குமூலம். கூடவே ஒரு படம்: இரும்புத் தூண் ஒன்றின் அடியில் ஒரு சோடி வேலைச் சப்பாத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக. சப்பாத்தைக் கழற்றி அடுக்கிவைத்துவிட்டுக் குதித்தான் என்று கீழே எழுதியிருந்தது.

சாருடைய முகம் கறுத்தது. “நாலு நாட்டு ஆக்கள் நாலு பேர். நாலு பேரும் ஒரே வசனம் சொல்லியிருக்கினம். ‘கடந்த இரண்டு நாட்களாக அவன் மனமுடைந்து, எவருடனும் பேசாமல் இருந்தான்.’ ஒரு எழுத்து மாறேல்லை. இது ஒரு மேசையில இருந்து ஒரு ஆள் எழுதினது.”

“எப்படி சார் அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் சார் அனுஷியாவிடம் ஒரு தடவை, வேலம்மாவிடம் ஒரு தடவை, லயத்தில் எல்லோரிடமும் ஒவ்வொரு தடவை பேசினார். சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, அதற்குப் பிறகுதான் கொப்பியை மூடினார். மத்தியானத்தில் சாப்பிடாமல் தோட்டத்துக்குள் போய்க் கராம்பு மரங்களுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தார். மேலே பறிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. கீழே அவர்கள் கழற்றிவைத்த செருப்புகளைப் பார்த்தார்.

“என்ன சார் தேடுறீங்க?”

“நான் சொன்னா அது என்ர கதையாப் போயிடும். சொல்ல வேண்டிய ஆக்கள் சொல்லோணும்.”

பதினாறாம் நாள் விடிந்தது. அனுஷியாவின் உடுப்புப் பை வாசலுக்கு வெளியே வந்துவிட்டது. வேலம்மாவே தூக்கி வைத்தார். கவின் அதன் மேல் ஏறிக் குதிரை ஓட்டினான். பத்து மணிக்குத் தர்சனோடு கப்பலில் இருந்த ரஜீவன் என்ற பையன், தர்சனுடைய சாமான்களைக் கொடுக்க வந்தான். இரண்டு மணிக்குக் கண்டி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று வந்ததும் வராததுமாகச் சொன்னான். அந்த நாலு வாக்குமூலத்தில் ஒன்று அவனுடையது.

பூசை முடிந்து இலை போடும் நேரம். சார் அவன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

“தம்பி, இது உங்கட கையெழுத்துத்தானே?”

“ஆமாங்க.”

“வாசிச்சுக் காட்டுங்கோ.”

ரஜீவன் கடதாசியைப் பார்த்தான். “எனக்கு இங்கிலீஸ் அவ்வளவு வராதுங்க.”

“அப்ப, சொன்னது ஆர்?”

“எனக்குத் திரும்பக் கப்பலுக்குப் போகணுங்க. வீட்ல மூணு தங்கச்சி. விட்ருங்க.” எழுந்துவிட்டான். பையைத் தோளில் போட்டான். இரண்டு கிழவர்கள் “சாவு வீட்ல என்னய்யா விசாரண” என்று சாரை அதட்டினார்கள். வேலம்மா, “குடும்ப மானம் கப்பல்ல போனது பத்தாதா? நீங்க யாரு கேக்க?” என்றார்.

சார் கடதாசியை மடித்து ஃபைலுக்குள் வைத்தார்.

“நான் ஆரெண்டு சொல்லுறன், அம்மா. நான் ஆறு பேரின்ர வாக்குமூலத்தை ஒரு மேசையில இருந்து பொய்யா எழுதினனான். அதில ஒருத்தர் அதுக்கு முதலே செத்தவர். அந்த லொறியால இடிபட்டுச் செத்த பிள்ளையின்ர தாய் கோர்ட் வாசலில என்னைப் பார்த்துக் கேட்டவ, ‘என்ர பிள்ளைக்காக ஒரு வீட்டுப் படி ஏற உனக்குப் பஞ்சியோ’ எண்டு. என்ர பொய்யால அந்த வழக்கே விழுந்து போச்சு. அதான் நான்.”

இதை அவர் வாயால் அதுவரை யாரும் கேட்டதில்லை. நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும்தான் சொல்லிச் சிரித்திருந்தோம். அன்று யாரும் சிரிக்கவில்லை. ரஜீவன் பையோடு நின்ற இடத்தில் நின்றான்.

சார் படத்தை மாத்தளையில் பெரிதாக அச்சடித்து வைத்திருந்தார். அதை வேலம்மாவின் மடியில் வைத்தார்.

“நான் ஒண்டும் சொல்லமாட்டன். பார்த்துச் சொல்லுங்கோ. இது ஆரின்ர சப்பாத்து, ஏன் இப்பிடிக் கிடக்குது?”

வேலம்மா பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினார். பிறகு பார்த்தார். பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“குதிங்கால் தூணப் பாத்து இருக்கு” என்றார் மெதுவாக. “மரம் ஏறுறவங்க இப்படித்தான் வைப்பாங்க. எறங்கினதும் செருப்பத் திருப்பாம கால விட்டுக்கிட்டு நடக்க. நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன், ஆறு வயசில.” குரல் ஏறியது. “சாகப் போறவன் எதுக்குய்யா எறங்கி வந்து மாட்டிக்கிற மாதிரி வைக்கிறான்? அவன் ஏறியிருக்கான். எம் மகன் ஏறியிருக்கான்யா!”

ரஜீவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“தூண் உச்சியில லைட்டு எரியலீங்க. பெரிய ஆபீசர் ஏறச் சொன்னான். இடுப்பு பெல்ட்டு பூட்டின அறையில இருந்துச்சு. அஞ்சு நிமிச வேலை, எதுக்கு பெல்ட்டுன்னான். தர்சன் சப்பாத்தக் கழட்டினான். இரும்பு ஈரமா இருக்கு, கழட்டாதடான்னு நான் சொன்னேன். ‘வெறுங்காலு மாதிரி எதுவும் புடிக்காதுடா, எங்க ஊர்ல எல்லாம் இப்படித்தான்’னு சிரிச்சான். மரம் புடிக்குங்க. பெயின்ட் அடிச்ச இரும்பு புடிக்கல. கப்பல் ஒரு ஆட்டு ஆட்டுச்சு.” தோளில் இருந்த பையை இறக்கி வைத்தான். “அன்னைக்குக் காலையில அவன் சந்தோசமாத்தாங்க இருந்தான். பொஞ்சாதி கோவமா இருக்கா, ரெண்டு நாள்ல சமாதானம் பண்ணிருவேன், மகனுக்கு ஒரு பொம்மக் கப்பல் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே ஏறினான்.”

சார் ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எழுதினார். வாசித்துக் காட்டினார். ரஜீவன் இரண்டு இடம் திருத்தினான். பிறகு கையெழுத்துப் போட்டான். ஏஜென்சிக்கு ஒன்று, கொழும்பில் கப்பல்காரர்களை விசாரிக்கிற அரசாங்கக் கந்தோருக்கு ஒன்று என்று பிரதி எடுக்கச் சொன்னார். அவன் இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கவில்லை.

வேலம்மா அனுஷியாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் மாமியார்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாசலைப் பார்த்து, “அந்தப் பைய யாராவது உள்ள எடுத்து வைங்கடி, மழ வரப்போவுது” என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அனுஷியா கவினைத் தூக்கிக்கொண்டு, பையையும் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பதினாறு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் சத்தம் போட்டு அழுதது கேட்டது. சுவர் மெல்லிசு.

நான் சாரோடு ரோட்டு வரைக்கும் நடந்தேன். துப்பு முழுக்கத் துலங்கிவிட்டது, இனி முதலாளி உங்களுக்குச் சிலை வைப்பார், நானே மாலை போடுவேன் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அவர் சிரிக்கவில்லை. பஸ் தரிப்பில் நின்று கொப்பியைத் திறந்தார்.

“முழுக்க இல்லை. ஒரு கேள்வி மிச்சம். போனில சண்டை பிடிச்சது ரெண்டு பேர். ஒருத்தர் இல்லை. அனுஷியா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கப்பல் கடதாசியில அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனா வேலம்மாவுக்குச் சொல்லுக்குச் சொல் தெரியுது. தண்ணிப் பைப்படியில கேட்டவவாம். ஆரோ அனுஷியாவின்ர குரலிலயே நடிச்சுக் காட்ட, எல்லாரும் சிரிச்சவையாம். செய்தி வாறதுக்கு முதல் நாள்.”

நடித்துக் காட்டும்போது அவன் சாவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? வழக்கம் போலப் பல்லைக் காட்டினேன்.

“சுவத்துக்கும் காது இருக்கும்னு சொல்லுவாங்களே சார்.”

“காது இருக்கட்டும், வாகினி” என்றார் அவர், பேனை மூடியைக் கழற்றியபடி. “பைப்படிக்கு நடந்து போகச் சுவருக்குக் கால் இல்லை.”