பதினேழு நிமிடம்

ஊர் எதுவானாலும் அந்தப் பஞ்சு ஒரே பஞ்சுதான். மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒலிக்காரர் ஒரு மெல்லிய கம்பியைத் தம்பியின் காதில் மாட்டி, அதன் நுனியை உதட்டோரம் வளைத்து வைப்பார். நுனியில் கறுப்புப் பஞ்சு. அதில் முன்னால் பேசியவரின் வாய் நாற்றம் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் காபி, ஒரு நாள் பூண்டு, ஒருமுறை இருமல் மருந்து. "கொஞ்சம் பேசிக் காட்டுங்க சார்" என்பார் ஒலிக்காரர். அடுத்தவர் எச்சில் மூக்கில் ஏற, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தம்பி எண்ணிக் காட்டுவான்.

இரண்டு ஆண்டுகளாக அவன் பிழைப்பு இதுதான். கணினி வல்லுநர்கள் கூடும் மாநாடுகளுக்கு ஊர் ஊராகப் போய், தான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுவது.

தப்பு நிஜமானது. நகரத்துப் பேருந்து நிறுத்தங்களில், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று காட்டும் பலகைகளை இயக்கும் நிறுவனத்தில் அவனுக்கு வேலை. ஒருநாள் மதியம் அவன் கணினியில் இரண்டு கறுப்புத் திரைகள் பக்கம் பக்கமாகத் திறந்திருந்தன. ஒன்று ஒத்திகைக்கு, ஒன்று நிஜம். ஒத்திகைத் திரையில் அடிக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை நிஜத்தில் அடித்துவிட்டான். நகரம் முழுக்கப் பலகைகள் இருண்டன. பதினேழு நிமிடத்தில் மீட்டார்கள்.

ஒரு சின்னக் கூட்டத்தில் இதை அவன் ஒளிக்காமல் சொன்னான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தது, அதற்கடுத்தும் வந்தது. நிறுவனத்துக்கு விளம்பரம் கிடைக்கவே, "நீ இனிமே பேசினாப் போதும்" என்று அவன் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் ஒரு கட்டளைகூடத் தட்டவில்லை. ஈர வாடை அடிக்கும் கம்பளம் விரித்த விடுதி அறைகள், விரலில் பிசுக்கென்று ஒட்டும் டிவி ரிமோட், யாரோ நகம் வெட்டிப் போட்ட குளியலறை மூலை. காலையில் பேச்சாளர் அறைக்குப் போனால் போன மாநாட்டில் பார்த்த அதே ஏழு முகங்கள், அதே ஆறின காபி. ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமலே "பிரமாதம்" என்று தோளில் தட்டிக்கொள்வார்கள். அந்தத் தட்டல் பட்ட சட்டையைக் கழற்றி எறியலாம் போலிருக்கும் அவனுக்கு.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அவன் அக்காவுக்கோ பெருமை பிடிபடவில்லை. தையல் ஆலையில் சட்டைகளைச் சோதிப்பது அவள் வேலை. தவறிய தையல், பிசிறு, இம்மி விலகிய பட்டன் துளை, எதைக் கண்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்புவாள். ஆலையில் அவளுக்கு 'அம்பு அக்கா' என்றே பெயர். தம்பி பேசும் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பாள். முக்கால்வாசி புரியாது. இருந்தாலும் முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பாள்.

அந்த ஆண்டின் பெரிய மாநாட்டுக்குக் கிளம்பும் முன் அவள் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டே அவள் பேச்செடுத்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? பலகை எவ்வளவு நேரம் அணைஞ்சிருந்துச்சு?"

"நாலு மணி நேரம்."

"முதல் வீடியோவுல பதினேழு நிமிஷம்னே. நாலாவதுல முக்கால் மணி. பத்தாவதுல ரெண்டு மணி. அந்தப் பலகை இன்னுமா அணைஞ்சிட்டே போகுது?"

தம்பி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அக்கா, அது மேடைக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்றது. எல்லாரும் பண்றதுதான்."

"சரி. மழை எப்பப் பெஞ்சது?"

"என்ன மழை?"

"நிறுத்தத்துல ஒரு பெரியவர் மழையில நனைஞ்சிட்டு நின்னாருன்னு சொல்றியே. ஒன்பதாவது வீடியோ வரைக்கும் மழையும் இல்ல, பெரியவரும் இல்ல. பத்தாவதுல ரெண்டும் சேந்து வந்துருச்சு."

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இதான்டா என் வேலை." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீ பண்ண தப்பு பதினேழு நிமிஷம். நாலு மணி நேரத் தப்பு பண்ணவன் வேற எவனோ. அவனுக்குக் கைதட்டுறாங்க, நீ ஏன் போய் வாங்கிக்கிறே?"

அவள் சட்டைகளைப் பையில் அடுக்கி மூடும்வரை அவன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மாநாட்டு மண்டபத்தின் வாசலிலேயே ஆளுயரப் பதாகை. அவன் சிரிக்கும் படம், கீழே தலைப்பு: 'நான்கு மணி நேர இருட்டு.' ஏற்பாட்டாளர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சொதசொதவென்று வியர்த்திருந்தது.

"சார், அந்த மழைப் பெரியவரை மட்டும் விட்டுடாதீங்க. போன தடவை ரெண்டு பேர் அழுதுட்டாங்க! இது நல்லாப் போச்சுன்னா அடுத்த வருஷம் பூரா நீங்கதான்."

இல்லாத ஒரு பெரியவருக்காக இரண்டு பேர் அழுதிருக்கிறார்கள். இதுவரை தம்பிக்கு விடுதியின் மேல் வெறுப்பு, பஞ்சின் மேல் வெறுப்பு, தோளில் தட்டுகிறவர்கள் மேல் வெறுப்பு. இப்போதுதான் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது.

பேச்சாளர் அறையில் உட்கார்ந்து, பையில் மடித்து வைத்திருந்த பேச்சுத் தாள்களை எடுத்தான். முதல் பக்கத்தில் 'நான்கு மணி நேரம்' என்ற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு. இரண்டாம் பக்கத்தில் மழைக்கு ஒன்று. பெரியவருக்கு ஒன்று. தேய்த்த சட்டைகளை அடுக்கும்போது ஒட்டியிருக்கிறாள். தைத்தவனிடமே திரும்பி வந்திருந்தது.

'இதை மாற்றினால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்' என்று அவனுக்குத் தெரியும். பழைய நாற்காலியும் இப்போது இன்னொருவருடையது. ஒலிக்காரர் வந்து பஞ்சை உதட்டோரம் வைத்தார்.

மேடையில் அவனுக்குப் பின்னால் தலைப்பு பெரிதாக ஒளிர்ந்தது. ஆயிரம் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பின்னால எழுதியிருக்கிறது பொய்ங்க. நாலு மணி நேரம் இல்ல. பதினேழு நிமிஷம்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. புது நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மழையும் பெய்யல."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். முன் வரிசையில் ஒருவர் தொடையில் தட்டினார்.

"அந்தப் பெரியவரும் கிடையாது. நானாச் சேத்துக்கிட்டேன். ரெண்டு வருஷமா இதைக் கூட்டிக் கூட்டித்தான் சொல்லிட்டிருக்கேன்."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. ஓரத்தில் நின்ற ஏற்பாட்டாளரின் முகம் சுருங்கிப்போனது. சொல்ல வேண்டியது எட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தம்பி நின்றான். பின்வரிசையிலிருந்து சிலர் எழுந்து போனார்கள்.

அப்போது நடுவில் ஒரு பெண்மணி கை தூக்கினார். ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்.

"சார், பதினேழு நிமிஷத்துல எப்படி மீட்டீங்க? எங்களுக்குப் போன மாசம் ரெண்டு நாள் ஆச்சு."

முப்பத்தொரு மேடைகளில் யாரும் கேட்காத கேள்வி. நான்கு மணி நேரம் என்று சொன்னபோது கேட்கவும் என்ன இருந்தது?

"அலுப்பான விஷயம்ங்க அது" என்றான். "மணிக்கு ஒரு தடவை எல்லாத்தையும் நகல் எடுத்து வைப்போம். அதை எல்லாரும் பண்றாங்க. வாரா வாரம் வெள்ளிக்கிழமை அந்த நகலை ஒத்திகைக் கணினியில ஏத்தி, உயிரோட இருக்கான்னு பாப்போம். அதைத்தான் யாரும் பண்றதில்ல."

"நகல் செத்துப் போயிருக்குமா?"

"மூணு வெள்ளிக்கிழமை செத்திருந்துச்சு. எப்படின்னு சொல்றேன்."

சொன்னான். அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். முடித்தபோது கைதட்டல் சொற்பம்தான்.

"எங்களை அசிங்கப்படுத்திட்டீங்க" என்றார் ஏற்பாட்டாளர் நடைபாதையில். இந்தத் தடவை அவர் கை கொடுக்கவில்லை. அந்த மட்டில் தம்பிக்கு நிம்மதி.

அடுத்து வந்திருந்த இரண்டு அழைப்புகளும் ரத்தாயின. நிறுவனம் அவனை வெள்ளிக்கிழமை நகல் சோதனைக்குப் போட்டது, ஜன்னல் இல்லாத அறையில்.

ஒரு மாதமாகியும் வீடியோ வரவில்லையே என்று அக்கா கேட்டாள்.

"வராதுக்கா. போடாம நிறுத்திட்டாங்க."

"அப்ப இங்க சொல்லு."

சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்று முழுதும் சொன்னான். அவள் ஒரு சட்டையில் பிசிறு வெட்டியபடி கேட்டாள். முடிந்ததும் கையை நீட்டினாள்.

"அந்தப் பேப்பரைக் குடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மூன்று அம்புகளையும் நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, ஸ்டிக்கர் அட்டையில் வரிசையாகத் திருப்பி ஒட்டினாள்.

"எதுக்குக்கா அது? தூக்கிப் போடு."

"பசை இருக்குடா. நீ மறுபடி பேசப் போவேல்ல, அப்ப ஆகும்."