வார்சாவின் செங்கல்லும் எங்கள் வாசற்படியும்

எழுபதுகளில் ஒரு செப்டம்பர் மாதம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குழுவோடு போலந்தின் தலைநகரான வார்சாவுக்குப் போனேன். அழைத்த அந்த ஊர்த் தொழிற்சங்கமே செலவைப் பார்த்துக்கொண்டது. கம்பளிச் சட்டை மட்டும் என் காசு, மூணாறில் நாற்பது ரூபாய்.

எனக்குக் கிளம்பவே மனசில்லை. அந்த வருஷ மழையில் மண் சரிந்து எங்கள் லயம், வரிசையாக ஒட்டிய பத்து வீடுகள், இடிந்துபோனது. "பழைய அளவு யாருக்கும் தெரியாது, கல்லெல்லாம் மண்ணோட போச்சு" என்று கைவிரித்துவிட்டார் மேனேஜர். பிள்ளைகள் தார்ப்பாய்க்குள் கிடந்தார்கள். "நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா" என்று என் வீட்டுக்காரர்தான் தள்ளிவிட்டார்.

ஆலுவா வரை பஸ், நூற்றுப்பத்து கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். பம்பாய்க்கு ரயில். பிறகு மாஸ்கோ வழியாக விமானம்.

வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். இரண்டாம் உலகப் போரில் எல்லாம் தரைமட்டமாம். பழைய படங்களைப் பார்த்து, இடிபாட்டில் உடையாத செங்கல்லைப் பொறுக்கி, முன்பு இருந்தபடியே கட்டியிருக்கிறார்கள்.

"எல்லாம் புதுசுதான? இதுல பாக்க என்ன கெடக்கு? கடைக்குப் போவோம்" என்றார் எங்கள் யூனியன் செயலாளர். எனக்கு வந்ததே கோபம்!

"ஏண்ணே, ஒரு ஊரையே தூக்கி நிறுத்திருக்காங்க. நமக்குப் பத்து வீட்டுக்கு வக்கில்ல. இதப் பாக்காம கடையில என்னத்தப் பாக்க?"

அதில் ஒரு வீட்டுச் சன்னலோரம் நின்ற ஒரு அம்மாள் தானும் செங்கல் சுமந்தவராம். அங்கே படித்துக்கொண்டிருந்த மதுரைப் பையன் செல்வம்தான் மொழிபெயர்த்தான். படத்தில் இல்லாததை எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"குடியிருந்தவங்களக் கேட்டாங்களாம்க்கா" என்றான் செல்வம்.

எங்களை ஒருத்தரும் கேட்கவில்லையே!

ஊர் திரும்பினால், மேனேஜர் பங்களாத் தோட்டத்துக்குப் புதுக் கற்சுவர். அதில் ஒரு கல்லில் நீளமாகப் பள்ளம். என் வீட்டுக்காரர் வருஷக்கணக்காகத் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் தீட்டிய பள்ளம். எங்கள் வாசற்படி! மண்ணோடு போன கல்லெல்லாம் அங்கேதான் இருந்தது. திருட்டுப் பயல்கள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பத்து வீட்டு ஆட்களும் கடப்பாரையோடு அந்தச் சுவருக்குப் போனோம். மேனேஜர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"கல்லு கெடச்சிருச்சு சார்," என்றேன். "அளவு நாங்க சொல்லுதோம்."

வார்சா போகிறவர்கள் தடித்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், தெருவெல்லாம் கல். ஊறுகாய் கட்டாயம் வேண்டும், எதற்கும் உருளைக்கிழங்குதான். எங்கள் பக்கம் வந்தால் பங்களாச் சுவரில் இருக்கும் ஓட்டையைப் பாருங்கள். அந்த வாசற்படிக் கல் இப்போது பழைய அளவிலேயே கட்டிய என் வீட்டு வாசலில் கிடக்கிறது. கத்தி இன்னும் அதில்தான் தீட்டுகிறோம்.